பாட்டு கேட்கப் போகிறீர்களா? முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள்

தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயிலைச் சுற்றி, அப்படியே திருவையாறு போய்க் காவிரியில் கால் நனைத்து, ஒரு கீர்த்தனைகூடக் காதில் விழாமல் ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். சங்கீதத்துக்குப் பேர்போன ஊர், எந்த நாள் போனாலும் எங்காவது யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிப் போவதால் வரும் வினை இது. கர்நாடக சங்கீதம் ஊரைவிடத் திதியோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்கழி, தியாகராஜர் ஆராதனை நடக்கும் பகுள பஞ்சமி, பங்குனிப் பெருவிழா, நவராத்திரி, குருவாயூர் ஏகாதசி என்று நாள் பார்த்துப் போனால் முதல்தரமான பாட்டைப் பல இடங்களில் காசில்லாமலே கேட்கலாம். நாள் தவறினால் பூட்டிய சபா வாசலும் வெறும் பந்தல் திடலும்தான். எந்த நாளில் எங்கே போவது, போன இடத்தில் எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

சென்னை, மார்கழி

டிசம்பர் தொடக்கத்திலேயே சில சபாக்கள் ஆரம்பித்துவிடும். பொங்கல் வரை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை; சீசனின் உச்சமும் அதுதான். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பலனாக 1928இல் தொடங்கிய அமைப்பு அது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பொதுவாகக் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி வருகிறார்கள். அந்த வாரத்தில்தான் ஹோட்டல் வாடகை எகிறும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூட்டமும் சேரும், பெரிய பெயர்களுக்கு டிக்கெட்டும் கிடைக்காது. முடிந்தால் டிசம்பர் 16 முதல் 22க்குள் வாருங்கள். அதே வித்துவான்கள்தான் பாடுகிறார்கள். தொண்டையும் அப்போது புதிதாக இருக்கும். பனியிலும் தூசியிலும் நாள் தவறாமல் பாடிவிட்டு மாதக் கடைசியில் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது உச்ச ‘ஸ’வுக்குப் போகும்போது குரல் கரகரப்பதைச் சீசன்தோறும் கேட்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். பேர் வாங்கிய ஒரு பாடகர் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுவார். அகாடமியில் இடம் கிடைக்கவில்லை என்று தலையில் கை வைக்க வேண்டாம். நான்கு நாள் கழித்துத் தி.நகரிலோ மயிலாப்பூரிலோ அவரே பாடுவார். டிக்கெட்டும் மலிவாக இருக்கலாம். சபா வாரியாகப் பட்டியல் பார்ப்பதைவிடப் பாடகர் வாரியாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இடங்களை மூன்று வட்டாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வட்டாரம் மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும். டி.டி.கே. சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் இடத்தில் அகாடமி, அதே டி.டி.கே. சாலையில் தெற்கே நடந்தால் நாரத கான சபா. மயிலாப்பூருக்குள் ரசிக ரஞ்சனி சபா, ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கபாலி கோயிலின் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், லஸ்ஸில் ராகசுதா அரங்கம். இரண்டாவது தி.நகர்: கிருஷ்ண கான சபா, வாணி மகால். மூன்றாவது பாரிமுனைப் பக்கம், ராஜா அண்ணாமலை மன்றம். இது தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம். தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நடுவே கடைசியில் ஒரு தமிழ்ப் பாட்டு துக்கடாவாக, அதாவது சின்ன உருப்படியாக, வருவதில் மனக்குறை உள்ளவர்கள் இங்கே போகலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1943இல் சங்கமே தொடங்கியது. உயர்நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஒரே மாலையில் இரண்டு வட்டாரம் வைத்துக்கொள்ளாதீர்கள். தி.நகரில் நாலு மணிக் கச்சேரி முடித்து ஆறரைக்கு அகாடமியில் உட்கார்ந்துவிடலாம் என்று வரைபடம் சொல்லும். அந்த நேரத்து நெரிசலில் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்குவது நல்ல வழி. அங்கிருந்து கபாலி கோயிலும் லஸ்ஸும் நடை தூரம். அகாடமிக்கு ஆட்டோ வேண்டும்.

ஒரு நாளை இப்படி அமைக்கலாம். விடிகாலை ஐந்தரை மணிக்கே மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கிளம்பும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் மார்கழி தோறும் நடத்திய பஜனையின் தொடர்ச்சி இது. டிக்கெட் கிடையாது, கூடவே பாடிக்கொண்டு நடக்கலாம். எட்டு மணியளவில் அகாடமியில் லெக்-டெம், அதாவது விளக்க உரையும் பாட்டும். இலவசம். ராகத்தின் பழைய வடிவம், ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டும் மெட்டும் இயற்றியவரின்) கையாளல் என்று பொருள் எதுவானாலும், மேடைக் கச்சேரியில் ஒருபோதும் காதில் விழாத விஷயங்கள் இங்கேதான் கிடைக்கும். பிறகு பகல் கச்சேரிகள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பல சபாக்களில் வளர்ந்துவரும் இளைஞர்களுக்கு வாய்ப்புத் தருவார்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம். அரங்கில் ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். பாடுகிறவரோ அடுத்த வருஷம் நாலு மணிக் கச்சேரிக்கு ஏறிவிட வேண்டும் என்ற முனைப்போடு பாடுவார். முதல் வரிசையில் உட்கார்ந்து காது குளிரக் கேட்கலாம். பயணிக்குச் சீசனில் கிடைக்கும் மிக லாபமான நேரம் இதுதான். நாலு மணிக் கச்சேரிகளும் ஆறு, ஆறரைக்குத் தொடங்கும் மாலைக் கச்சேரிகளும் டிக்கெட் உள்ளவை.

டிக்கெட் விஷயம். நல்ல இருக்கைகளில் கணிசமானவை சீசன் டிக்கெட்காரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் போய்விடும். மிச்சத்தை இணையத்திலும் கவுண்டரிலும் நாள் டிக்கெட்டாக விற்பார்கள். சில நூறு ரூபாயில் தொடங்கி முன்வரிசைக்கு ஆயிரத்தைத் தாண்டலாம். இணையத்தில் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் அன்று காலை கவுண்டரில் போய்க் கேளுங்கள். நேரில் விற்பதற்கென்று சில சபாக்கள் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கும். அரங்கம் நிரம்பிவிட்டால் மேடையிலேயே ரசிகர்களை உட்காரவைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. மேடை இடம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஒலிபெருக்கிக்குப் போகாத தம்புராவின் ரீங்காரம், பாடகர் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து மெல்லச் சொல்லும் ‘பலே’, எல்லாம் காதில் விழும். இரண்டரை மணி நேரம் சம்மணமிட்டு உட்கார முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான அமைப்பில் மிருதங்கம் உங்களுக்கு இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்கும். வலங்கைக்காரர் அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், சபையைப் பார்க்கும். இடங்கைக்காரர் வாசித்தால் இரண்டும் இடம் மாறிவிடும். விரல்களைப் பார்க்க ஆசை என்றால் அதற்கேற்ற பக்கம் உட்காருங்கள். ஒலிக்கு மட்டும் என்றால் நடு வரிசைகளுக்குச் சற்றுப் பின்னால், அல்லது பால்கனியின் முதல் வரிசை. முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கி நேரே காதுக்குள் வரும். கச்சேரி போகப் போகச் சத்தம் ஏறிக்கொண்டே போவதை உணர்வீர்கள். மேடையில் ஒவ்வொருவரும் தன் வாத்தியம் தனக்குக் கேட்கவில்லை என்று ஒலியமைப்பாளருக்குச் சைகை காட்டுவார்கள், அவரும் கூட்டிக்கொண்டே போவார். குறைக்கச் சொல்லி யாரும் சைகை காட்டுவதில்லை. பையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருங்கள். ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வையும்.

எப்போது எழுந்து போகலாம்

பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி அமைப்புதான் சிற்சில மாற்றங்களோடு இன்றும் நடைமுறை. அது தெரிந்திருந்தால், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றாலும் சரியான ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டரை மணி நேரக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். வர்ணத்திலோ ஒரு சின்னக் கீர்த்தனையிலோ தொடங்கும். முதல் அரை மணியில் இரண்டு மூன்று உருப்படிகள் விறுவிறுவென்று போகும். அதன்பின் சற்று விரிவான ஒரு ராகம், அதைத் தொட்டு ஒரு கீர்த்தனை. ஒரு மணி நேரம் கழிந்த வாக்கில் மெயின், அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படி, வரும். பாடகரின் ஆலாபனை (சாகித்தியமும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது), வயலின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுவது), பிறகு தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது). எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ராகம் தானம் பல்லவி, அதாவது ஒரே வரியைச் சுற்றி விரியும் பெரிய உருப்படி, இருந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ வரும். கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடம் துக்கடா: விருத்தம், பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா. சௌராஷ்டிரத்தில் ‘பவமான’ என்று எடுத்தால் மங்களம், கச்சேரி முடிந்தது. ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிறவர் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபின் நுழைவது உத்தமம். ஆனால் ஆலாபனை நடுவில் கதவு திறக்க மாட்டார்கள்; உருப்படி முடிந்து கைதட்டல் கேட்கும்போது சட்டென்று உள்ளே போய்விட வேண்டும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும் வழக்கம் சென்னையின் நீண்ட நாள் அவமானம். மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாகக் கோர்வையை, அதாவது முடிவில் வரும் தாளக் கட்டை, நோக்கிப் போகிற பத்துப் பதினைந்து நிமிடம் அது. தாளம் தெரியாதவர்கூட விரலில் எட்டு எண்ணிக்கொண்டு கேட்டால் கோர்வை சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும் இடத்தில் உடம்பு தானாக நிமிரும். எழுந்தே ஆக வேண்டும் என்றால் மங்களத்துக்கு முந்தின தில்லானாவின் போது எழுந்து போகலாம். அதை மேடையில் இருப்பவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ராகம் என்ன என்று தெரியவில்லையா? பக்கத்து இருக்கை மாமாவிடமோ மாமியிடமோ உருப்படி முடிந்த பிறகு கேளுங்கள். ஆலாபனை நடுவில் கேட்டால் முறைப்பார்கள். பதில் நிச்சயம் கிடைக்கும், தாத்தா காலத்துக் கதை ஒன்றும் சேர்ந்து கிடைக்கும். ராகத்தின் பெயர் சில சமயம் தவறாகவும் இருக்கும்.

சபா கேன்டீனுக்குப் பெரும்பாலும் டிக்கெட் தேவையில்லை. மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் அடை அவியல், கீரை வடை, டிகிரி காபி. ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே இரண்டு கச்சேரிக் கூட்டம் மோதிக்கொள்ளும், டோக்கன் வரிசையிலேயே ஆலாபனை போய்விடும். ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் போன் சிக்னல் திணறினால் பணம் செலுத்தும் செயலியும் திணறும்.

மார்கழி தவிர மற்ற மாதங்களில் சென்னைக்கு வர நேர்ந்தால் மொத்தமாகக் கைவிரிக்க வேண்டாம். ஆவணியில் கோகுலாஷ்டமியை ஒட்டிக் கிருஷ்ண கான சபாவில் தொடர் கச்சேரிகள் உண்டு. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் வழக்கம் இருக்கிறது. முந்தின நாள் விசாரித்துக்கொண்டு போங்கள். மரத்தடியில் மைக் இல்லாத குரலைக் கேட்ட பிறகு அரங்கத்துக்குள் போனால் காது வேறு மாதிரி வேலை செய்யும்.

திருவையாறு

கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜர் இங்கே சமாதியடைந்தது 1847, புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். அதே திதியில்தான் ஆராதனை. அதையொட்டி ஐந்து நாள் விழா. ‘தை மாதம்தானே’ என்று பொங்கலுக்குப் பிறகு ரயில் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. புஷ்யம் (பௌஷம்) சாந்திரமான மாதம், அதாவது நிலவை வைத்துக் கணக்கிடுவது; நம் தை சௌரமான மாதம், சூரியனை வைத்துக் கணக்கிடுவது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. 2024இல் ஆராதனை ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. ஆனால் 2023இல் ஜனவரி 11, அதாவது மார்கழியிலேயே வந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் பௌஷ மாதத் தேய்பிறை பஞ்சமி எது என்று பார்த்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். பொங்கலை ஒட்டி வந்தால் முதல் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும். எழும்பூரிலிருந்து இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் தஞ்சாவூரில் விடும்.

தங்குவது தஞ்சாவூரில். திருவையாறு அங்கிருந்து 13 கிலோமீட்டர். பழைய பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து வந்துகொண்டே இருக்கும். பஞ்சமி அன்று மட்டும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஏழரைக்கு மேல் ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மிச்ச தூரம் நடைதான்.

காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே வீதியில் அரிசி வாங்குவது) பஜனை கிளம்பிச் சமாதிக்கு வரும். நாகஸ்வரம் ஒலிக்கும். ஒன்பது மணி அளவில் பைரவியில் ‘சேதுலாரா’ கீர்த்தனை புல்லாங்குழலில் வரும். அது முடிந்ததும் சமாதியில் அபிஷேகம் நடக்க, பந்தலில் எதிரெதிரே உட்கார்ந்த நூற்றுக்கணக்கான வித்துவான்கள் பஞ்சரத்தினத்தை, அதாவது தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளை, எடுப்பார்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்.

நடுவில் உட்காரும் இடம் பாடகர்களுக்கானது. பொதுமக்களுக்கு அதைச் சுற்றி இடம். கூடவே பாட ஆசைப்படுகிறவர்கள் முடிந்தவரை வித்துவான்களுக்குப் பக்கமாக உட்கார வேண்டும். தூரத்துக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்தால் நேரே வரும் குரல் ஒரு நேரம், ஒலிபெருக்கிக் குரல் ஒரு நேரம் காதில் விழும். ஒலி நூறு மீட்டர் கடக்கவே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு விநாடி எடுக்கும். ஆதி தாளத்தில் அது கணிசமான இழுவை. எதைப் பிடித்துப் பாடினாலும் பக்கத்தில் இருப்பவரோடு தாளம் உதைக்கும். சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஆரபியில் ‘சமயானிகி தகு மாடலாடெனே’ என்ற ஒரே வரியைத் தொட்டுச் சரணங்கள் அடுக்கடுக்காக வரும். தாள் கையில் இல்லாதவர்கள் தொலைந்துபோவது அங்கேதான். பாய் அல்லது தடித்த துண்டு, தண்ணீர், தொப்பி அவசியம்.

பஞ்சரத்தினம் முடிந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். உண்மையில் அப்போதுதான் நிம்மதியாக உட்காரலாம். விழா முழுவதும் இரண்டு மேடையில் மாறி மாறி, காலையிலிருந்து நள்ளிரவை நெருங்கும் வரை கச்சேரி நடக்கும். ஒருவர் பாடும்போதே அடுத்த மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைப்பது அரிது. விரிவான ஆலாபனையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஒரே நாளில் முப்பது நாற்பது கலைஞர்களைக் கேட்டுவிடலாம். பாதிப் பேர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதும் சுகமே. எல்லாம் இலவசம். பஞ்சமிக்கு முந்தின இரண்டு நாள் மாலைகள் கூட்டமும் அளவு, பாட்டும் நிறைவு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவை ஏற்றவை.

சமாதியின் மேல் உள்ள கோயில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டியது. பெண்கள் அங்கே பாட இடமில்லாத காலத்தில் தனியாகப் பெண்களைத் திரட்டி விழா நடத்தியவர் அவர். அவருடைய நினைவிடமும் பக்கத்திலேயே இருக்கிறது. பலர் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

கோயில் மேளம்

சபாவும் பந்தலும் வந்து நூறு வருஷத்துச் சொச்சம்தான். நாகஸ்வரம் அதற்கும் முன்னாலிருந்தே தெருவில் ஒலிக்கிறது. மேடையில் அரை மணி நேரம் மைக் முன்னால் வாசிக்கும் நாகஸ்வரத்தைக் கேட்டுவிட்டு ‘ரொம்பச் சத்தம்’ என்று சொல்கிறவர்கள் ஒரு முறை இரவுப் புறப்பாட்டில் கேட்க வேண்டும். திறந்த வெளிக்கென்று செய்த வாத்தியம் அது.

கோயிலின் உற்சவப் பத்திரிகையைத் தேடிப் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். கோபுர வாசலிலும் தேரடியிலும் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு நாளும் என்ன வாகனம், எத்தனை மணிக்குப் புறப்பாடு, நாகஸ்வரம் யார், தவில் யார் என்று போட்டிருக்கும். பெயர் போடாமல் வெறுமனே ‘மேளதாளத்துடன்’ என்றிருந்தால் உள்ளூர்ச் சேவைதான், சிறப்பு மேளம் இல்லை என்று அர்த்தம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் விடிகாலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். கூட்டத்துக்கு அறுபத்து மூவர், மேளத்துக்கு ரிஷப வாகன இரவு. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என்று வருஷத்துக்கு இரண்டு பெருவிழா; இரண்டிலும் ஒன்பதாம் நாள் தேர். திருவாரூரில் ஆழித்தேர். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர் என்பதால் திருவாரூருக்குப் போகிறவர்கள், முகவீணை, பாரி நாயனம், பஞ்சமுக வாத்தியம் என்று வேறெங்கும் எளிதில் கேட்க முடியாத கருவிகள் எந்த வேளைப் பூஜையில் ஒலிக்கும் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்பாட்டின் வரிசை இது. சுவாமி எழுந்தருளும்போது முதலில் தவில் மட்டும் பேசும். பிறகு கம்பீர நாட்டையில் மல்லாரி. சாகித்தியம் கிடையாது, தாளக் கட்டு மட்டும்தான். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு (நைவேத்தியத்துக்கு) ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று வகை உண்டு. சுவாமி வீதிக்கு வந்த பிறகு ராக ஆலாபனை. ஒரு வீதி முழுக்க ஒரே ராகம் போகும். வாகனம் மூலையில் நின்றுவிட்டால் மேளக்காரருக்குக் கொண்டாட்டம், ராகம் அங்கே ஊறும். திரும்பி வரும்போது கீர்த்தனை, பதம், திருப்புகழ் என்று இறங்கும். எனவே புறப்பாட்டு நேரத்துக்குக் கால் மணி முன்பே கோபுர வாசலில் நிற்க வேண்டும். தாமதமாக வந்தால் மல்லாரி போய்விடும். அது திரும்ப வராது.

நாகஸ்வரக்காரர்கள் சுவாமிக்கு முன்னால் போவார்கள். அவர்களுக்கும் முன்னால், பதினைந்து இருபது அடி தள்ளி, தவிலுக்கு நேரே இல்லாமல் சற்று ஓரமாக நடந்துகொண்டு போங்கள். தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் போட்டு அடிக்கும் ஒலி நெருக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். மூலைகளை முன்கூட்டிப் பார்த்து, நிற்கப்போகும் இடத்தில் திண்ணை இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் நடக்கப் பழக்கமில்லாதவர்கள் இரவுப் புறப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பங்குனி வெயிலில் தார்ச்சாலை பொறுக்காது.

திருவிழா இல்லாத நாளில் என்ன கிடைக்கும்? சாயரட்சை (மாலைப் பூஜை), அர்த்தசாமம் (இரவுப் பூஜை) இரண்டு வேளைகளிலும் பழைய வழக்கம் விடாத கோயில்களில் நாகஸ்வரம் உண்டு. பள்ளியறைக்கு நீலாம்பரி வாசிக்கும் இடங்கள் இருக்கின்றன. தீபாராதனைக்குப் பின் ஓதுவார் பண்ணோடு தேவாரம் பாடுவார். ஐந்து பத்து நிமிடம்தான், கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்துவிடும், நீங்கள் மட்டும் நில்லுங்கள். பல கோயில்களில் இப்போது மின்சாரத்தில் ஓடும் மேளம் மாட்டியிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தானாக அடித்துத் தள்ளும், அதன் நடுவே வாசிக்கிற ஆள் இருந்தாலும் கேட்காது. அப்படிப்பட்ட கோயிலில் ஆரத்தி முடியும்வரை காத்திருந்தால் அதற்குப் பிறகு வாசிப்பது கேட்கலாம்.

எல்லை தாண்டினால்

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலையொட்டிய நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலை, ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள்தான் நாளுக்கு ஒன்றாக மெயின்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. உங்களுக்குப் பிடித்த ராகத்தின் நாளைப் பார்த்துப் போகக்கூடிய ஒரே விழா இதுவாகத்தான் இருக்கும். எண்ணெய் விளக்கு வெளிச்சம், கைதட்டல் கிடையாது. ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை வைத்துக்கொள்ளுங்கள். பேன்ட்டோடு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே இடம் கொஞ்சம். ஐந்து மணிக்குப் போய்விட வேண்டும். இந்த விழாவுக்கான சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்தும், முருகன் வேளிமலையிலிருந்தும், முன்னுதித்த நங்கை சுசீந்திரத்திலிருந்தும் ஊர்வலமாகப் போவார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

குருவாயூரில் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் நடக்கும் செம்பை சங்கீத உற்சவம், கார்த்திகையில் வரும் குருவாயூர் ஏகாதசியோடு முடியும் பதினைந்து நாள். கிழக்கு நடையில் மேல்பத்தூர் அரங்கம். காலையிலிருந்து இரவு வரை ஆளுக்குப் பத்து நிமிடம் வாக்கில் பாடிக்கொண்டே இருப்பார்கள். மாலையில் பெரிய கலைஞர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். ஏகாதசிக்கு முந்தின தசமியில் பஞ்சரத்தினம். ஏகாதசி நாளில் தங்க இடம் கிடைக்காது, திருச்சூரில் அறை எடுங்கள்.

பெங்களூரில் ராமநவமியை ஒட்டிச் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் ஒரு மாதம் போலப் பந்தல் கச்சேரி. 1939இலிருந்து நடக்கிறது. உள்ளே டிக்கெட், வெளியே ஒலிபெருக்கியில் இலவசம்.

காசிக்குப் போகிற தமிழர்கள் வடக்கே சைத்ர பௌர்ணமியில் வரும் அனுமன் ஜயந்தியை அடுத்த நாட்களில் போனால் சங்கடமோசன் அனுமார் கோயில் முற்றத்தில் இரவு முழுக்க நடக்கும் இந்துஸ்தானி விழாவைத் தவறவிடக் கூடாது. பல இரவுகள், டிக்கெட் இல்லை, தரையில் உட்கார வேண்டும். கோதௌலியாவில் உள்ள நகரத்தார் சத்திரத்திலிருந்து ஆட்டோவில் போகலாம். கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கோயிலுக்குள் விட மாட்டார்கள். மாலையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நள்ளிரவுக்குப் பின் போய் உட்காருங்கள். விடியலை ஒட்டி வரும் காலை ராகங்களை, அந்த வேளையிலேயே பாடக் கேட்கும் வாய்ப்பு நம் ஊர் மாலைக் கச்சேரிகளில் கிடையாது.